கடைக்கு ஒரு கம்ப்யூட்டர்: பாகம் பார்த்து வாங்கும் முறை



நான் மொத்த வியாபாரி. பருப்பு, வத்தல், மல்லி நிறுத்துக் கொடுத்து நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. பள்ளிப் படிப்போடு தராசு பிடிக்க வந்தவன். கம்ப்யூட்டர் வாங்குவது பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு தடவை தவறாக வாங்கி நஷ்டப்பட்டவன் என்பதே என் தகுதி. அந்த நஷ்டம் மற்றவர்களுக்கு வரக்கூடாது என்றுதான் இந்தப் பாடத்தை எழுதுகிறேன்.

2019 பங்குனி. ஆண்டுக் கணக்கை முடிக்கும் நேரம். ஒரு நாள் மாலையில் மின்சாரம் போய்ச் சற்று நேரத்தில் திரும்ப வந்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம், பிறகு கருகிய வாடை. மெக்கானிக் தம்பி வந்து திறந்து பார்த்தார். மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். வெடித்திருந்தது. போகும்போது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்கையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டது. கணக்கை நகல் எடுத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பில் புத்தகக் கார்பன் காப்பிகளை வைத்துக்கொண்டு, நானும் என் மகனும் பதினொரு இரவு உட்கார்ந்து பற்று வரவைத் திரும்ப எழுதினோம்.

அதிலும் ஒரு பிழை. பழைய வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்து முடித்த 18,000 ரூபாயைத் திரும்பக் கேட்டுவிட்டேன். அவர் மறுநாள் நேரில் வந்து ரசீதை மேஜையில் வைத்தார். “அண்ணாச்சி, மிஷின் மறந்தா மறக்கட்டும். நீங்க மறக்கலாமா?” என்றார். மிஷின் போன நஷ்டத்தை ஒரு மாதத்தில் சரிக்கட்டிவிட்டேன். அந்தக் கேள்வி இன்றும் மனதில் நிற்கிறது.

மிஷினை வாங்கும்போது நான் செய்த தவறு என்ன? ‘ஐ5 மிஷின், பெரிய மானிட்டர், மலிவு விலை’ என்று கேட்டு வாங்கினேன். பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. நம் கடலில் முத்துக் குளித்த காலத்தில், சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் எடுப்பார்கள். உள்ளே முத்து இருந்தால் யோகம், இல்லையென்றால் வெறும் ஓடு. சிப்பியை அப்படி வாங்குவதற்குக் காரணம் இருந்தது. கம்ப்யூட்டரை அப்படி வாங்க ஒரு காரணமும் இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம்.

1. முதலில் வேலையைக் கணக்கிடுக

மளிகைக் கடைக்கும் சிறு மொத்தக் கடைக்கும் கம்ப்யூட்டர் எதற்கு? பில் போட, சரக்கு இருப்புப் பார்க்க, பற்று வரவு எழுத, ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்ப, ஈ-வே பில் எடுக்க. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள், மற்ற வணிகர்களுக்கு விற்கும் சரக்குக்கு ஈ-இன்வாய்ஸும் போட வேண்டும். இந்த வரம்பு 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இவ்வளவுதான் வேலை. சினிமாப் படம் வெட்டி ஒட்டவும், விளையாட்டு ஆடவும் தேவைப்படும் தனிக் கிராபிக்ஸ் கார்டு நமக்கு வேண்டாம். வண்ண விளக்கு எரியும் பெட்டியும் வேண்டாம். அந்தப் பணத்தை எங்கே போட வேண்டும் என்று கீழே சொல்கிறேன்.

கம்பெனி பெயரோடு முழுதாக வரும் மிஷின் நல்லதா, பாகம் சேர்த்துக் கட்டுவது நல்லதா என்று பலர் கேட்கிறார்கள். முழு மிஷினுக்கு ஒரே பில், ஒரே வாரண்டி. பழுது வந்தால் ஒரே இடத்தில் கேட்கலாம். ஆனால் சில சிறிய பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டும் அந்தக் கம்பெனிக்கென்றே தனி அளவில் இருக்கும். வாரண்டி முடிந்தபின் பாகம் தேடி அலைய வேண்டும். பாகம் சேர்த்துக் கட்டிய மிஷினில் எது கெட்டதோ அதை மட்டும் மாற்றலாம். கூப்பிட்டால் வரும் மெக்கானிக் ஒருவர் உங்கள் தெருவிலோ பக்கத்திலோ இருந்தால் கட்டுவது மேல். அப்படி ஆள் இல்லையென்றால் முழு மிஷினே மேல்.

2. ப்ராசஸர்: பெயரை மட்டும் பார்க்காதீர்

‘ஐ5’ என்று மட்டும் சொல்வது ‘பொன்னி அரிசி’ என்று மட்டும் சொல்வது போல. எந்த வருஷத்து அரிசி என்று கேட்க மாட்டோமா? ப்ராசஸருக்கும் தலைமுறை உண்டு. இன்டெல் ஐ3-12100 என்றால் 12-ஆம் தலைமுறை. ஐ5-3470 என்றால் 3-ஆம் தலைமுறை, அது 2012-ஆம் ஆண்டுச் சரக்கு. புதிய ஐ3, பழைய ஐ5-ஐ எளிதில் முந்திவிடும்.

இது வேகத்தோடு நிற்கும் விஷயமல்ல. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த வழக்கமான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட வேண்டுமானால் இன்டெலில் 8-ஆம் தலைமுறை முதலும், ஏ.எம்.டி. ரைசனில் 2000 வரிசை முதலும் வேண்டும். சில விதிவிலக்குகள் இருந்தாலும் பொது அளவு இதுதான். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய மிஷினைத் துடைத்துப் புதிது போல் விற்பவரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இன்டெல் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ என்று எழுத்து இருந்தால் (உதாரணம்: 12100 எஃப்) அதற்குள் படம் காட்டும் வசதி கிடையாது. தனிக் கார்டு போடாமல் மானிட்டரில் எதுவும் தெரியாது. ஏ.எம்.டி. 5000 வரிசையில் இதற்கு நேர்மாறு. 5600ஜி போல் ‘ஜி’ என்ற எழுத்து இருந்தால்தான் படம் காட்டும் வசதி உண்டு. விலை சற்றுக் குறைகிறதே என்று எழுத்தைப் பார்க்காமல் வாங்கி, பிறகு கார்டுக்குத் தனியாகச் செலவழித்தவர்கள் உண்டு.

நம் வேலைக்கு 12-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய ஐ3, அல்லது அதற்கு இணையான ரைசன் தாராளம். அதற்கு மேல் போடும் பணம் பில் போடும் வேகத்தில் தெரியாது.

3. மதர்போர்டு: ப்ராசஸருக்குப் பொருந்த வேண்டும்

ப்ராசஸர் உட்காரும் இடத்துக்கு சாக்கெட் என்று பெயர். மேலே சொன்ன இன்டெல் 12-ஆம் தலைமுறைக்கு எல்.ஜி.ஏ. 1700. ஏ.எம்.டி. 5000 வரிசைக்கு ஏ.எம்.4. ஒன்றுக்குரியது மற்றொன்றில் உட்காராது. இன்டெலுக்கு எச்610 வகை போர்டு நம் அளவுக்குப் போதும்.

வாங்கும் முன் உங்கள் கடையில் உள்ள கருவிகளை ஒரு தாளில் எழுதுங்கள். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர், எலக்ட்ரானிக் தராசு என ஒவ்வொன்றும் எந்த வயர் மூலம் இணைகிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். பழைய தராசு பலவற்றுக்கு சீரியல் போர்ட் வேண்டும். பழைய பிரிண்டருக்குப் பேரலல் போர்ட் வேண்டும். இன்றைய போர்டுகளில் பெரும்பாலும் இவை வெளியே தெரிவதில்லை. சிலவற்றில் உள்ளே முள் மட்டும் இருக்கும், அதற்குத் தனி வயர் வாங்கிப் போட வேண்டும். இதைக் கேட்காமல் வாங்கினால், நன்றாக ஓடும் தராசையும் பிரிண்டரையும் ஓரங்கட்ட வேண்டி வரும்.

4. ரேம்: இன்று போதும், நாளைக்கு இடம்

8 ஜி.பி. இருந்தால் கடை வேலை நடக்கும். பல ஜன்னல்களை ஒரே நேரத்தில் திறந்து வைப்பவர்களுக்கு 16 ஜி.பி. வசதி. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இரு வகை உண்டு. இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. போர்டு எந்த வகைக்கு உரியதோ அதையே வாங்க வேண்டும்.

2025 கடைசியில் உலகம் முழுவதும் ரேம் விலை கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கென்று கட்டப்படும் பெரிய கம்ப்யூட்டர் நிலையங்கள் சரக்கை அள்ளியதே காரணம். சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று கம்பெனிகள் கையில்தான் இந்தச் சரக்கின் பெரும்பகுதி இருக்கிறது. பெரிய ஏற்றுமதி ஆர்டர் வந்தால் உள்ளூர்ச் சந்தையில் வத்தல் விலை என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? அதேதான் இங்கும். எனவே விலை உச்சத்தில் இருக்கும்போது 8 ஜி.பி. ஒரே துண்டாக வாங்கி, போர்டில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு வையுங்கள். விலை இறங்கினால் இன்னொன்று சேர்க்கலாம்.

5. எஸ்.எஸ்.டி.: வேகம் இங்கேதான்

மிஷின் ஆன் செய்து பில் போடத் தயாராகும் நேரத்தைக் குறைப்பது ப்ராசஸரை விட எஸ்.எஸ்.டி.தான். சுழலும் ஹார்டு டிஸ்க் விநாடிக்கு 100 முதல் 200 மெகாபைட் வரை படிக்கும். சாதா வகை எஸ்.எஸ்.டி. சுமார் 550. என்.வி.எம்.இ. வகையில் சாதாரணமானதே 2,000-க்கு மேல். நமக்கு 256 அல்லது 512 ஜி.பி. போதும். என்.வி.எம்.இ. வாங்கும் முன் போர்டில் எம்.2 இடம் இருக்கிறதா, அது அந்த வகையை ஏற்குமா என்று கேட்டுக் கொள்க.

ஒரு குணத்தை மறக்கக் கூடாது. ஹார்டு டிஸ்க் சாகுமுன் பல நேரம் முனகும், சத்தம் போடும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சொல்லாமல் போகும். ஆகவே பெயர் தெரியாத மலிவுச் சரக்கு வேண்டாம். மூன்று அல்லது ஐந்து ஆண்டு கம்பெனி வாரண்டி உள்ளதையே வாங்குக.

6. எஸ்.எம்.பி.எஸ்.: பலர் சிக்கனம் பிடிக்கும் இடம், பிடிக்கக் கூடாத இடம்

என் பாடத்தின் சாரம் இதுதான். பெட்டியோடு ‘இலவசமாக’ வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பாதீர்கள். எனக்கு வெடித்தது அதுதான். நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மின் அழுத்தம் எகிறினாலும், ஷார்ட் ஆனாலும் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்பு இருக்கும். மலிவானதில் அது இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான். அது போகும்போது மற்ற பாகங்களையும் இழுத்துக்கொண்டு போகும்.

மேலே ‘450 வாட்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் பட்டியலில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான் ஆகிறது. 36 ஆம்பியர் என்றால் 432. இன்றைய மிஷின் சக்தி எடுப்பது முக்கியமாக இந்த 12 வோல்ட் வரிசையில்தான். மூட்டையில் 50 கிலோ என்று எழுதியிருந்தாலும் தராசில் ஏற்றிப் பார்ப்பவர்கள் நாம். இதற்கும் அதே பழக்கம் வேண்டும்.

தனிக் கார்டு இல்லாத நம் மிஷின் சாதாரண வேலையில் 100 வாட்டுக்குள்தான் எடுக்கும். எனவே பெரிய வாட் தேவையில்லை, தரம்தான் தேவை. ‘80 பிளஸ் பிரான்ஸ்’ சான்று பெற்ற 400 அல்லது 450 வாட் போதும். 80 பிளஸ் என்பது வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தை வீணாக்காமல் கொடுக்கும் என்பதற்கான சான்று. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்க.

7. யு.பி.எஸ்.ஸும் எர்த்தும்

600 வி.ஏ. யு.பி.எஸ். என்றால் 600 வாட் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். நம் மிஷினுக்கும் மானிட்டருக்கும் அது போதும். லேசர் பிரிண்டரை அதில் மாட்டக் கூடாது. சூடேறும்போது அது ஒரேயடியாக மின்சாரத்தை இழுக்கும். சில நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள், சதுர அலை தரும் மலிவு யு.பி.எஸ்.ஸோடு ஒத்துப் போகாமல், மின்சாரம் போனதும் மிஷின் அணைந்துவிடும். வாங்கும் அன்றே கடையில் வயரைப் பிடுங்கிச் சோதித்துப் பாருங்கள். பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் தளரும். அதை மாற்றும் செலவையும் கணக்கில் வையுங்கள்.

எர்த் சரியில்லாத கடையில் எந்த நல்ல பாகமும் நிலைக்காது. பெட்டியைத் தொட்டால் ‘சுள்’ என்று இருந்தால் எலக்ட்ரீஷியனை முதலில் அழையுங்கள்.

8. உப்புக் காற்றும் வத்தல் தூசியும்

மதுரைக்காரர் அறியாத ஒரு சங்கடம் நமக்கு உண்டு. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு மூட்டை ஈரத்தை இழுத்துக் கசிவதை நாம் பார்க்கிறோம். அதே உப்பு போர்டின் மேல் படிந்தால், ஈரத்தை இழுத்துச் செம்பையும் ஈயப் பற்றையும் அரிக்கும். அதோடு மாவு, மஞ்சள், வத்தல் தூசியும் சேர்ந்தால் விசிறி அடைத்துக் கொள்ளும்.

ஆகவே வலை வடிகட்டி உள்ள பெட்டியாக வாங்கி, வடிகட்டியை மாதம் ஒருமுறை தட்டிக் கழுவிக் காய வைத்து மாட்டுங்கள். கடல் பக்கம் பார்த்த ஜன்னலுக்கு நேரே பெட்டியை வைக்காதீர்கள். நாட்கணக்கில் கடை அடைத்தாலும் மழைக்காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம் ஓட விடுங்கள், உட்சூட்டில் ஈரம் காயும். பின்பக்கத்தில் திறந்து கிடக்கும் ஓட்டைகளைத் தகடு போட்டு மூடுங்கள். எலியும் கரப்பானும் வயரைத் தேடி வரும்.

பெட்டியைத் தரையில் வைக்கவே வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையை யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. என் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கீழ் அடுக்கு மூட்டைகள் அத்தனையும் போயின. சுவரில் அடித்த பலகை மேல் இருந்த கம்ப்யூட்டர் தப்பியது. பக்கத்துக் கடைத் தம்பியின் மிஷின் மேஜைக்கு அடியில் தரையில் இருந்தது. தண்ணீர் வடிந்தபின் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே: “அண்ணாச்சி, சரக்கு போனா போகுது. யார் யார் எவ்வளவு தரணும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?” எனக்குப் பதினொரு இரவுகள் நினைவுக்கு வந்தன.

9. நகல் இல்லாத கணக்கு, பூட்டு இல்லாத பெட்டி

ஆகவே மிஷின் விலையோடு ஒரு வெளி ஹார்டு டிஸ்கின் விலையையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். தினமும் கடை அடைக்கும்போது கணக்கை அதில் நகல் எடுத்து, வயரைக் கழற்றி, வீட்டுக்குக் கொண்டு போங்கள். மாட்டியபடியே விட்டால் வெள்ளமும் மின்சாரமும் வைரஸும் இரண்டையும் சேர்த்தே தின்னும். மாதம் ஒருமுறை அந்த நகலை வேறொரு மிஷினில் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல.

சட்டமும் இதையே கேட்கிறது. ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வரை கணக்குகளைப் பாதுகாத்து வைக்க வேண்டும். மிஷின் கெட்டுவிட்டது என்று சொல்லி அந்தப் பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது.

10. பில் இல்லாமல் வாங்காதீர்

நம்மிடம் சரக்கு எடுப்பவரைப் பில் வாங்கச் சொல்கிறோம். நாம் கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் ‘பில் இல்லாமல் என்ன விலை’ என்று கேட்கலாமா? சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் நம் ஊரில் வாங்கினாலும், ஒவ்வொரு பாகத்தின் பெயரும் சீரியல் எண்ணும் எழுதிய ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். வாரண்டி பாகத்துக்குப் பாகம் வேறு. யார் கொடுப்பது, கம்பெனியா, விற்ற கடையா என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். பெட்டியில்லாமல் வரும் ப்ராசஸருக்குக் கம்பெனியின் நேரடி வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

கடை உபயோகத்துக்கு வாங்கும் கம்ப்யூட்டருக்கு நாம் கட்டும் 18 சதவீத வரியை, வழக்கமான முறையில் பதிவு செய்தவர்கள் உள்ளீட்டு வரியாகக் கழித்துக் கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. வரியைக் கழித்துக் கொண்டவர்கள், அந்த வரித் தொகையைச் சேர்த்து வருமான வரியில் தேய்மானம் கேட்கக் கூடாது. பில் இல்லாமல் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் பணம், இப்படிக் கணக்குப் பார்த்தால் பலருக்கு மிச்சமே அல்ல.

வாங்கும் முன் கேட்க வேண்டிய எட்டுக் கேள்விகள்

1. ப்ராசஸரின் முழு எண் என்ன? எத்தனையாம் தலைமுறை? கடைசி எழுத்து என்ன?
2. விண்டோஸ் 11 முறைப்படி ஓடுமா? உரிமத்தோடு தருகிறீர்களா?
3. என் தராசும் பிரிண்டரும் இந்தப் போர்டில் இணையுமா?
4. ரேம் எந்த வகை? இன்னொன்று போட இடம் உண்டா?
5. எஸ்.எஸ்.டி. எந்தக் கம்பெனி? எத்தனை ஆண்டு வாரண்டி?
6. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்?
7. யு.பி.எஸ்.ஸோடு மாட்டி, மின்சாரத்தை நிறுத்திக் காட்டுவீர்களா?
8. சீரியல் எண்ணோடு பில் தருவீர்களா?

இந்த எட்டுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம், ஆயிரம் ரூபாய் கூடுதல் என்றாலும் வாங்குங்கள். முகம் சுளிப்பவரிடம், ஆயிரம் குறைவு என்றாலும் வேண்டாம்.

எங்கே குறைக்கலாம்? ப்ராசஸரில், பெட்டியின் அழகில், மானிட்டரின் அகலத்தில். எங்கே குறைக்கக் கூடாது? எஸ்.எம்.பி.எஸ்.ஸில், எஸ்.எஸ்.டி.யில், யு.பி.எஸ்.ஸில், நகல் எடுக்கும் டிஸ்கில். மிஷின் கெட்டால் கடையில் இன்னொன்று வாங்கலாம். கணக்கு போனால் அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதற்குப் பின்னால் நம்மை நம்பிக் கடன் வாங்கியவரும், நம்மை நம்பிக் கடன் கொடுத்தவரும் இருக்கிறார்கள்.

இன்று இரவு கடை அடைக்கும் முன் ஒரு நகல் எடுத்துவிட்டுப் போங்கள். புது மிஷின் வாங்குவதை நாளைக்குப் பார்த்துக் கொள்ளலாம்.